காக்கா வராத பதினேழாவது மாடி

அருக்காணி காலையிலிருந்து பச்சைத் தண்ணீரைக்கூடப் பல்லில் படவிடவில்லை. கணவர் சுந்தரம் போய் இன்றோடு வருஷம் திரும்புகிறது. தலை தெவசம்.

தெவசத்தை எங்கே வைப்பது என்று போன வாரம் முழுக்க இந்த வீட்டில் ஒரே இழுபறி. காளிகாட் பக்கம் ஏதாவது கோயிலில் முடித்துக்கொள்ளலாம் என்றான் மகன் செந்தில்நாதன். அருக்காணி அசைந்து கொடுக்கவில்லை. அவர் உயிர் போனது இந்த வீட்டில், படையலும் இந்த வீட்டில்தான் என்று ஒரே பிடியாக நின்று ஜெயித்தும் விட்டாள். இந்த மாடிக்குக் காக்கா வராது என்பது ஜெயித்த பிறகுதான் தெரிந்தது.

வீடு என்றால் சாதாரண வீடா? கொல்கத்தாவின் கிழக்கு ஓரத்தில், ஒரு காலத்தில் மீன் குட்டைகளாகக் கிடந்த இடத்தில் எழும்பிய ‘நீல்திகந்தா’ ஸ்மார்ட் டவுன்ஷிப். அதில் பதினேழாவது மாடி. ஆள் நுழைந்தால் விளக்கு தானே எரியும், வெளியே போனால் தானே அணையும். குப்பைத் தொட்டி நிறைந்தால் அதுவே ஆளைக் கூப்பிடும். வாசலை ஒட்டிய சுவரில் ஒரு கண்ணாடிப் பலகை. அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வங்காளத்திலும் இந்தியிலும் இங்கிலீஷிலும் பேசும். தமிழ் மட்டும் வராது. அருக்காணி அவளுக்குச் ‘செவுத்துக்காரி’ என்று பேர் வைத்திருந்தாள்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். முன்னே ஹவுரா பக்கம் சாந்த்ராகாச்சியில் குடித்தனம் செய்த காலமெல்லாம் மழை பிடித்துக்கொண்டால் கூடத்தில் முழங்காலளவு தண்ணீர். ரயில்வே யார்டில் டூட்டி முடித்து வருகிற மனுஷன் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு சொந்த வீட்டுக்குள் நீந்தாத குறையாக வருவார். இங்கே அந்தக் கஷ்டம் இல்லை. அடுப்பை அணைக்க மறந்தால் செவுத்துக்காரி சத்தம் போடுவாள். சுந்தரத்துக்கு நெஞ்சு வலித்த அன்றைக்குக்கூட, அவர் வாய் திறப்பதற்கு முன்னால் கையிலிருந்த வாட்ச் சொல்லி, ஆம்புலன்ஸ் கீழே வந்து நின்றது. காப்பாற்ற முடியாமல் போனது அதனுடைய குற்றமில்லை.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. அதற்கு வருவோம். முதலில் காக்கா.

வாழையிலை ஆப்பில் வந்திருந்தது. வட்டமாகக் கத்தரித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, நுனி எது அடி எது என்று தெரியாதபடி வந்திருந்தது. அந்த இலையில் சுந்தரத்துக்குப் பிடித்த வாழைக்காய் வறுவல், பருப்பு, பூசணிக்காய்ப் பொரியல், வடை, கோபிந்தோபோக் என்கிற வங்காளத்து வாசனை அரிசியில் பாயசம் எல்லாம் வைத்துப் படைத்தாயிற்று. செந்தில்நாதன் வேட்டி கட்டிக்கொண்டு சூடம் காட்டினான். புகை, புகை என்று செவுத்துக்காரி மூன்று பாஷையிலும் பதறினாள். அவளை அடக்கிவிட்டு வந்து, படத்துக்கு முன்னால் விழுந்து எழுந்தபோது பிள்ளையின் கண் கலங்கியிருந்தது. அருக்காணி பார்த்தும் பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டாள்.

இனி ஒன்றுதான் பாக்கி. முதல் சோறு காக்காவுக்கு. போனவர்கள் காக்காவாக வந்து வாய் வைத்த பிறகுதான் வீட்டு மனுஷர்கள் சாப்பிடலாம். ஈரோட்டுப் பக்கத்துப் பிறந்த வீட்டிலும் அப்படித்தான், சாந்த்ராகாச்சியிலும் அப்படித்தான். அங்கே பறவைக்குப் பஞ்சமா? குளிர்காலத்தில் எங்கெங்கிருந்தோ வாத்துக் கூட்டம் வந்து இறங்குகிற ஏரி இருக்கிற ஊர். மதில் மேல் தட்டை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் காக்காக்களுக்குள் சண்டையே வந்துவிடும்.

இங்கே பால்கனி முழுக்கப் புறா வலை. மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தாள். அங்கே சோலார் தகடுகள், கதவுக்குப் பூட்டு. தட்டைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு கீழே தோட்டத்துக்கு இறங்கினாள். ‘கா, கா’ என்று அவள் கூப்பிட்டதற்கு, மரத்தடியில் இருந்த ஒரு டப்பா பருந்து மாதிரிக் கத்தியது. தகடுகளின் மேலும் கார்களின் மேலும் எச்சம் விழாமல் இருக்க, பறவைகளை விரட்டுகிற ஏற்பாடாம். இல்லாத பருந்துக்குப் பயந்து அத்தனை காக்காவும் ஊரைவிட்டே போய்விட்டன. காவல்காரன் ஓடிவந்து, இங்கே பறவைகளுக்குத் தீனி போட அனுமதி இல்லை மாஸிமா என்று, சின்னம்மா முறை வைத்துத் தணிவாகத்தான் சொன்னான். அவனைக் கோபித்து என்ன செய்வது? சோற்றோடு மேலே வந்துவிட்டாள்.

மணி பன்னிரண்டு தாண்டியது. மாத்திரை போட வேண்டும், சாப்பிடுங்கம்மா, அப்பா ஒன்றும் நினைக்க மாட்டார் என்று செந்தில்நாதன் கெஞ்சினான். காக்கா வரட்டும் என்று முடித்துவிட்டாள் அருக்காணி. அம்மா சாப்பிடாமல் பிள்ளையும் சாப்பிடப் போவதில்லை. அறைக்குள் போய் லேப்டாப்பைத் திறந்துகொண்டான்.

மருமகள் மௌஸுமி வங்காளத்துப் பெண். செந்தில்நாதனைக் கட்டிக்கொண்டு வந்து ஒன்றரை வருஷமாகிறது; தமிழை ஆசையாகப் பழகிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கென்று ஆபீஸில் தட்ட முடியாத வேலை. சாப்பிட்டாயிற்றா மா என்று செக்டர் ஃபைவிலிருந்து வாட்ஸப்பில் கேட்டிருந்தாள். அருக்காணிக்கு எழுத்துக் கூட்டி அனுப்புவதற்குப் பொறுமை கிடையாது. மைக்கை அழுத்திப் பேசினாள்.

“எங்க கண்ணு சாப்பிடறது? காக்கா இன்னும் வரலை. காக்கா வந்து வாய் வெக்காம இந்த வீட்டுல ஆரும் சாப்பிட முடியாது. உன்ற மாமனார் மனசு ஆறாது பாரு.”

உடனே பதில் வந்தது, தமிழில், நாலைந்து பூப் படங்களோடு. கவலைப்படாதீங்க மா, காக்கா வருவார், நான் ஏற்பாடு பண்றேன்.

அருக்காணிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. காக்காவுக்கு ‘வருவார்’ என்று மரியாதை கொடுத்தது மட்டும் பிடித்திருந்தது, மாமனார் ஆயிற்றே. ஆனால் ஏற்பாடு என்றால் எப்படி? இந்த ஊரில் ஆப்பில் வராதது என்ன இருக்கிறது? இலை வந்தது, சூடம் வந்தது. காக்காவையும் எவனாவது கூண்டில் போட்டு ஸ்கூட்டரில் கொண்டுவந்து கொடுப்பானாக இருக்கும். அப்படி வருகிற காக்கா செல்லுமா, செல்லாதா? அதை யாரிடம் கேட்பது?

கேட்பதற்கு இந்தக் கொல்கத்தாவில் அவளுக்கு ஒரே ஆள்தான் உண்டு. கொழுந்தன் சிவலிங்கம். சாந்த்ராகாச்சியில் அடுத்த வீடு. அண்ணனுக்கு அப்புறம் அதே யார்டில் சேர்ந்து, அதே யார்டில் ரிட்டையர் ஆனவர். மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். அவரைத்தான் அருக்காணியால் கேட்க முடியாது.

சுந்தரத்துக்கு நெஞ்சு வலித்த அன்றைக்குச் செய்தி கேட்டதும் சாந்த்ராகாச்சியிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தவர் அவர். ஆம்புலன்ஸுக்குத் தானாகத் திறந்த கேட் தம்பிக்குத் திறக்கவில்லை. வீட்டு ஆட்களுடைய முகம்தான் அதற்குத் தெரியும். மற்றவர்கள் வந்தால் மேலேயிருந்து சரி என்று சொல்ல வேண்டும். செவுத்துக்காரி கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் காதில் விழவில்லை. ஒரு வழியாக அவர் மேலே வந்து சேர்ந்தபோது ஆம்புலன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டிருந்தார்கள்.

“என்ற அண்ணன் உசிரு போறப்ப என்னையத் தெருவுல நிறுத்திப்போட்டீங்களே” என்று அத்தனை பேர் முன்னாலும் அலறினார் சிவலிங்கம்.

துக்கத்தில் நாக்கு எப்படிப் புரளும் என்று யாருக்குத் தெரியும்? உங்களை ஆரு வரச் சொன்னா என்று கேட்டுவிட்டாள் அருக்காணி.

அவர் சுடுகாட்டுக்கு வந்தார், காரியம் முடியும்வரை கூட நின்றார், அதோடு சரி. ஒரு வருஷமாக இந்த வாசலை மிதிக்கவில்லை. அவளும் எத்தனையோ தடவை போனைக் கையில் எடுத்தாள். மன்னிச்சுக்குங்க தம்பி என்கிற இரண்டு வார்த்தை வாய்க்கு வரவில்லை. நேற்று ராத்திரிகூட எடுத்தாள், வைத்தாள். அண்ணனுடைய தலை தெவசத்துக்கே கூடப்பிறந்தவன் இலையில் உட்காரவில்லை என்றால் இனி எந்த நாளில் வந்து உட்காரப் போகிறார்? இன்றைக்கு விட்டால் விட்டதுதான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் காலையிலிருந்து காக்கா, காக்கா என்று அலைந்துகொண்டிருந்தாள்.

மணி இரண்டை நெருங்கியது. பசி மயக்கம் கண்ணைக் கட்டியது. சோபாவில் சாய்ந்திருந்தவளைச் செவுத்துக்காரியின் குரல் எழுப்பியது. வங்காளத்தில், எப்போதும் போலத் தேன் தடவிச் சொன்னாள்.

“சுந்தரம் பாபு வீடு திரும்பிவிட்டார்.”

அருக்காணி எழுந்து நின்றாள். காது தப்பாகக் கேட்டிருக்கும் என்று நினைத்தாள். பலகையில் அவருடைய படம், முன்வழுக்கையும் கண்ணாடியுமாக. லிஃப்ட்டில் மேலே வந்துகொண்டிருப்பதாக அதன் கீழே ஒரு பச்சைப் புள்ளி. கூடத்துப் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். மாலை போட்டபடி அவர் அங்கேயும் இருந்தார். பயமா, ஆசையா என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு கணம் அவள் அதை நம்பினாள் என்பதை இங்கே மறைப்பதற்கில்லை.

செந்தில்நாதன் அறையிலிருந்து ஓடிவந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

கதவு தானாகத் திறந்தது. வாசலில் சிவலிங்கம் நின்றார். கையில் துணிப்பை, சட்டையெல்லாம் வேர்வை. உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் செருப்பை மட்டும் கழற்றிவிட்டு நின்றார்.

“கீழ ஒருத்தரும் ஒண்ணுங் கேக்கலீங்க அண்ணி” என்றார். “மூஞ்சியைக் காட்டினேன், கேட்டு தொறந்துக்கிச்சு. அண்ணன் பேரைச் சொல்லி வணக்கம் வேற சொல்லிச்சு.”

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. அன்றைக்குத் தம்பியாக ஓடிவந்தபோது விடாத கேட், இன்றைக்கு அண்ணன் என்று நினைத்து விட்டிருக்கிறது. அதே மூக்கு, அதே வழுக்கை, அதே தடித்த கண்ணாடி. எத்தனை கோடி போட்டுக் கண் வைத்தால் என்ன, அண்ணன் தம்பி ஜாடை அதைக் குழப்பிவிட்டது.

அது போகட்டும். இறந்து ஒரு வருஷமானவரின் முகம் எப்படி இன்னும் அதற்குள் இருக்கிறது? அருக்காணி பிள்ளையைப் பார்த்தாள். இந்த டவுன்ஷிப்பின் கேட்டுகளையும் கேமராக்களையும் பார்த்துக்கொள்கிற கம்பெனியில்தான் செந்தில்நாதனுக்கு வேலை. வீடு காலி செய்கிறவர்கள், காலமாகிறவர்கள் பேரையெல்லாம் எடுக்கிற பொறுப்பு அவனுடையது.

“எல்லாரு வீட்டுலயும் எடுத்தேம்மா” என்றான். “அப்பா பேர்ல மட்டும் கை போகலை. எடுத்தா இந்த வீட்ல மூணு பேர்னு காட்டும். இப்ப நாலுன்னு காட்டுது. ஆபீஸ்ல எடுத்துட்டதா சொல்லிட்டேன்.”

அருக்காணி அவனைத் திட்டவில்லை. பலகையின் மூலையில் எப்போதும் இருந்த அந்த நாலை அவளும்தான் தினம் பார்த்திருக்கிறாள். என்றைக்கோ வரப்போகிற பேரப்பிள்ளைக்கோ என்னவோ என்று விட்டுவிட்டாள்.

சிவலிங்கம் தான் வந்த கதையைச் சொன்னார். மௌஸுமி போன் பண்ணினாளாம். காக்கா வந்து வாய் வைத்தால்தான் எல்லாரும் சாப்பிடுவோம் என்று மா பட்டினியாக உட்கார்ந்திருக்கிறார்கள், உடனே கிளம்புங்கள் என்று அழாத குறையாகச் சொன்னாளாம். பஸ் பிடித்து ஹவுரா வந்து, ஆற்றுக்கு அடியில் போகிற மெட்ரோவில் ஏறி, ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார்.

அப்போதுதான் அருக்காணிக்கு உறைத்தது. வங்காளத்தில் காக்கா என்றால் சித்தப்பா. மௌஸுமி சிவலிங்கத்தைக் கூப்பிடுவதே ‘காக்கா’ என்றுதான். பாவம் அந்தப் பெண், மாமியார் மனசு இளகிக் கொழுந்தனுக்காகப் பட்டினி கிடக்கிறாள் என்று நினைத்துச் சந்தோஷத்தில் குதித்திருக்கிறது.

சிரிப்பு வந்தது, கூடவே பயமும் வந்தது. நான் கூப்பிட்டது உங்களை இல்லை, காக்காயை என்று சொன்னால் இந்த மனுஷன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். அப்புறம் ஜென்மத்துக்கும் வரமாட்டார். சொல்லாமல் விட்டாலோ, செய்யாத அழைப்புக்குப் பேர் வாங்கிக்கொண்ட மாதிரி. அருக்காணி சொல்லவில்லை. உக்காருங்க தம்பி என்று மட்டும் சொல்லி, தரையைத் துடைத்து இலை போட்டாள். அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

சோறு வைத்து, பருப்பு ஊற்றி, நெய் விட்டாள். அவர் பிசைந்து முதல் கவளத்தை எடுக்கும் நேரத்தில் செந்தில்நாதனின் போன் அடித்தது. கன்ட்ரோல் ரூம். பதற்றத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டான்.

வங்காளத்தில் ஒரு அதிகாரி பேசினார். காலமானவர்கள் பட்டியலில் இருக்கிற சுந்தரம் பாபு இப்போது கேட்டைத் தாண்டி உள்ளே போயிருப்பதாகக் காட்டுகிறது, வீட்டுக்குள் இருக்கிறது யார் என்று கேட்டார். பேரை எடுத்துவிட்டதாக எழுதிக் கொடுத்தது நீங்கள்தானே செந்தில் பாபு என்றும் கேட்டார். அழைப்பில்லாத ஆள் என்றால் காவல்காரர்களை மேலே அனுப்புகிறேன் என்றார். அவர் வேலையை அவர் பார்க்கிறார்.

சிவலிங்கம் கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

“என்னால இவன் பொழப்புக்கு வம்பு வேண்டாங்க அண்ணி. கூப்பிடாம வந்தவன்னே சொல்லிப்போடுங்க. நான் எறங்கிப் போயிடறேன்.”

கூப்பிடாமல் வந்தவன். அந்த வார்த்தை அருக்காணியைச் சுட்டது. பிள்ளையின் கையிலிருந்து போனை வாங்கினாள். அவளுடைய வங்காளத்தில் ஈரோட்டு வாசம் வீசும். சாந்த்ராகாச்சி மீன்காரிகளோடு பேரம் பேசிக் கற்றது. அதில் நிறுத்தி நிதானமாகப் பேசினாள்.

“வந்திருக்கிறது என் வீட்டுக்காரரோட தம்பி. இன்னிக்கு என் வீட்டுக்காரரோட தெவசம். இவரைக் கூப்பிட்டது நான். போன வருஷமே கூப்பிட்டிருக்கணும். கூப்பிடாதது என் தப்பு, இவர் தப்பில்லை. இவர் சாப்பிடாம நாங்க யாரும் சாப்பிட மாட்டோம்.”

அந்த அதிகாரி குரலைத் தணித்துக்கொண்டு, சாப்பிடட்டும் மாஸிமா, காவல்காரரை அனுப்பவில்லை என்றார். ஆனால் இறந்தவர் பேரில் இனி ஒருதரம் கேட் திறக்கக்கூடாது, சாயங்காலத்துக்குள் அந்தப் பேரை வீட்டுக்காரர்களே எடுத்தாக வேண்டும் என்றார். மேனேஜரும் சாயங்காலம் நேரில் வருகிறார், செந்தில் பாபு அவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று தயங்கிச் சொல்லிவிட்டு வைத்தார்.

செந்தில்நாதன் சுவரில் சாய்ந்து நின்றான். வேலை நிற்குமா, நிற்காதா என்பதைவிட, அந்தப் பேரை எடுக்கிற விரல் யாருடையதாக இருக்கப் போகிறது என்பதுதான் அவனுக்கு அப்போது கவலை.

சிவலிங்கம் நின்ற இடத்திலேயே நின்றார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாக இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“மௌஸுமி புள்ள நீங்க பேசுனதை அப்படியே எனக்கு அனுப்பிவிட்டுச்சுங்க அண்ணி” என்றார். “திருப்பித் திருப்பிக் கேட்டேன்.”

பொரியல் வைக்க எடுத்த கரண்டியோடு அருக்காணி நின்றுவிட்டாள்.

“காக்கான்னு நீங்க எதைச் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா?”

“தெரிஞ்சுமா வந்தீங்க?”

“என்ற அண்ணன் தெவசத்துக்கு ஒரு காக்காகூட வரலீன்னு கேட்டுப்போட்டு, எப்படிங்க வராம இருக்கறது?”

அவர் கவளத்தை எடுத்து வாயில் வைத்தார். அருக்காணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, வருஷம் முழுக்க அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து அழுதாள். அவர் தடுக்கவில்லை, மென்று விழுங்கிவிட்டு உப்பு சரியாக இருக்கிறது என்றார்.

“செந்திலு, நீயும் இலை போட்டு உக்காரு கண்ணு” என்றாள் அவள், கண்ணைத் துடைத்தபடி. “சாப்பிட்டுப்போட்டு அப்பா பேரை என்ன பண்றதுன்னு மூணு பேருமா உக்காந்து பாக்கலாம்.”